டெலிபதி தந்த வேலை

பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையம். அதை நடத்துகிற அற்புதராஜுக்கு ஆங்கில ஆசிரியர் ஒருவர் வேண்டும். வந்தவர்களோ மூன்று பேர். பட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மாணவர்களை மூன்று அறைகளில் உட்காரவைத்து, "டெலின்னு தொடங்குற இங்கிலீஷ் சொற்களை நடத்துங்க. அப்புறம் நீங்க நடத்தாத ஒரு சொல்லைக் கேப்பேன். உங்க பாடத்தை வச்சு எந்த வகுப்பு பொருள் சொல்லுதோ, அவங்களுக்குத்தான் வேலை" என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த மூவரில் ஆவுடைச்செல்வி ரோஷக்காரி. அன்றைக்கு விடுப்புத் தர மறுத்த பள்ளியில் சண்டை போட்டு, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இசக்கிராஜ் டெலிகிராம், டெலிஸ்கோப், டெலிபதி என்று பலகை நிறைய எழுதிப்போட்டு, பொருளோடு ஒப்பிக்கவைத்தார். பியூலா படம் வரைந்து, கிரேக்க மொழியில் டெலி என்றால் தூரம் என்று விளக்கினார். ஆவுடை எடுத்துக்கொண்டது டெலிபோன் ஒன்றைத்தான். "முன்பாதி தூரம். பின்பாதி தெரியலையா? அது வேற எந்தச் சொல்லுல வருதுன்னு தேடுங்க" என்றாள். மைக்ரோபோன் என்றது ஒரு குரல். அப்படியானால் போன் என்பது ஒலி என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

அற்புதராஜ் அறை அறையாகப் போய்க் கேட்ட சொல், டெலிபதி.

இசக்கிராஜின் வகுப்பு, "தூரத்துல இருக்கிறவங்க மனசுல உள்ளதைப் பேசாமலே உணருறது" என்று ஒரே குரலில் பதில் சொன்னது. பியூலாவின் வகுப்பில் ஒருவன் சொன்னான். மந்திரவாதியின் மேடையில் கேட்டதாம். ஆவுடையின் வகுப்பு திருதிருவென விழித்தது. கடைசியில் ரஹ்மத்நிஷா என்ற மாணவி எழுந்து, "சிம்பதின்னா அடுத்தவங்க வேதனையை நாமளும் உணருறது. அப்போ இது... தூரத்துல இருந்தே உணருறதா, சார்?" என்றாள்.

"கேள்வி கேட்டா, இதுவும் கேள்வியே கேக்குது" என்று சிரித்த அற்புதராஜ், வேலையை இசக்கிராஜுக்குக் கொடுத்தார்.

ஆவுடைக்குக் கோபம் தலைக்கேறியது. "சார், அவரோட பலகையை இன்னும் அழிக்கலை. வாசிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க!"

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாசகரே, நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்: கொடுத்த வாக்கின்படி அந்த வேலை யாருக்கு உரியது?

விடை: ஆவுடைக்கு. டெலிபதியை இசக்கிராஜ் முன்பே நடத்திவிட்டார்; வாக்கோ நடத்தாத சொல்லுக்கு. பியூலாவின் மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தது மந்திரவாதி. பாடத்தை வைத்துப் பொருள் கண்டவள் ரஹ்மத்நிஷா ஒருத்திதான். தயங்கிச் சொன்னாலும் விடை விடைதானே? இது அற்புதராஜுக்கும் தெரியாமல் இல்லை. ஆவுடை படி இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம், அந்தப் பலகையைத் துடைத்ததுதான்.