கறுப்புக் கல்லும் கறையான் புற்றும்

மூங்கில் குன்றின் குகையில் கரடியும் முயல்களும் ஓர் உடும்பும் ஒரே நெருப்பைச் சுற்றி வாழ்ந்தன. அந்த நெருப்புக்குக் கறுப்புக் கல்தான் தீனி. வறண்ட ஆற்றுக்கு அப்பாலிருந்து கழுதைப்புலி அதை முதுகில் சுமந்து வரும்.

கல் நனையக் கூடாதே என்று, வெயிலே எட்டிப் பார்க்காத அந்தக் குகையில் எல்லாம் குடியேறியிருந்தன. உடும்பு தன் ஒன்பது முட்டைகளை நெருப்பருகே மணலில் புதைத்திருந்தது.

மார்கழி பிறந்தது. கழுதைப்புலி வெறும் முதுகோடு வந்தது.

"கல் எங்கே?" என்றது கரடி.

"குளத்தை எனக்கு விட்டுக்கொடுங்கள், கரடியாரே. மறுநாளே கொட்டிக் குவிக்கிறேன்!"

"நாங்கள் தண்ணீருக்கு எங்கே போவது?"

"அதற்கும் என்னிடமே வாருங்களேன்!" என்று இளித்தது கழுதைப்புலி. மூன்று நாள் கெடு வைத்துவிட்டுப் போயிற்று.

நெருப்பு சாம்பல் பூத்தது. "கொடுத்துவிடலாம், தங்கச்சி. உன் முட்டைகள் விறைத்துவிடும்" என்றது கரடி.

"கொஞ்சம் பொறு அண்ணே" என்று உடும்பு வெளியே போயிற்று. எந்தப் பாறை எவ்வளவு நேரம் சூடாயிருக்கும்? ஒவ்வொன்றிலும் வயிற்றை வைத்துப் பார்த்தது.

"அத்தை பாறைக்கு முத்தம் கொடுக்கிறாள்!" என்று முயல்கள் சிரித்தன.

கிழக்குப் பாறை இருட்டிய பிறகும் சுட்டது. உடும்பு முட்டைகளை அதன் அடியில் கொண்டு சேர்த்தது. ஆனால் மறுநாள் மேகம் மூடியது. பாறை தவளை வயிறாய்க் குளிர்ந்தது.

'அவசரப்பட்டுவிட்டேனோ? சாம்பல் சூடாவது மிஞ்சியிருக்குமே' என்று உடும்பு மறுகியது. அப்போதும் ஒரு கேள்வி அதை விடவில்லை. இந்தக் குளிரில் வேறு யார் சூடாக இருக்கிறார்கள்?

சற்றுத் தள்ளி ஒரு கறையான் புற்று. அதன் உச்சியில் மெல்லிய ஆவி! உடும்பு முகத்தை ஒட்டவைத்தது. வெதுவெதுப்பு. தன்னையறியாமல் நாக்கு நீண்டது.

"நாக்கை உள்ளே இழு!" என்று சீறியது காவல் கறையான்.

"தின்ன வரவில்லை. உள்ளே எப்படிச் சூடு?"

"லட்சம் பேர் மூச்சு விடுகிறோம். தழையை மக்கவைக்கிறோம். உனக்கென்ன?"

"என் முட்டைகளுக்கு ஓர் இடம் வேண்டும்."

"போன வாரம்தானே எங்கள் சுவரைக் கிழித்தாய்?"

உடும்பு தலை குனிந்தது. "இனி கிழிக்க மாட்டேன்."

"அந்தக் கரடி?"

உடும்பு ஓடிப்போய்க் கரடியிடம் கேட்டது.

"கறையானை விட்டால் நான் எதைத் தின்பேன்?" என்று அலறியது கரடி.

"குளத்தை விட்டால் எதைக் குடிப்பாய், அண்ணே?"

கரடி எச்சிலை விழுங்கிக்கொண்டு புற்றின் முன் வந்து சத்தியம் செய்தது. கறையான்கள் வழிவிட்டன. முட்டைகள் உள்ளே போயின. வெளியே தழையைக் குவித்து, கரடியும் முயல்களும் புற்றில் சாய்ந்துகொண்டன.

மூன்றாம் நாள் கழுதைப்புலி வந்தது. "முட்டையெல்லாம் உறைந்திருக்குமே!"

"இந்தப் புற்றில் நீயே மூக்கை வைத்துப் பார்" என்றது உடும்பு.

வைத்துப் பார்த்த கழுதைப்புலியின் குரல் இறங்கியது. "சரி, குளம் வேண்டாம். குளத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால் போதும். கல் கொண்டுவரட்டுமா?"

"கொண்டு வா, அடைமழைக்கு ஆகும்" என்றது உடும்பு. "இன்று உன்னை நம்பி என் முட்டைகள் இல்லை."

உயிர் காக்கும் வெப்பத்தை ஒருவன் கையில் மட்டும் விட்டுவைத்தவர் அவன் கேட்டதையெல்லாம் கொடுக்க நேரும். அருகில் இருப்பதைத் தேடி, அக்கம்பக்கத்தாரோடு கூடிப் பகிர்ந்துகொள்பவரே அச்சமின்றி வாழ்வார்.