சருகுமானுக்கு வந்த அழைப்பு

ஒரு காட்டில் சருகுமான் ஒன்று தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. அது முயல் அளவே இருக்கும். சின்னச் சத்தம் கேட்டாலும் புதருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அந்தக் காட்டுப் பிராணிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாலையானால் புங்கமரத்தடியில் கூடிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது மனதில் ஏதாவது உறுதியாகத் தோன்றினால் மட்டும் எழுந்து சொல்லலாம்.

அந்தக் கோடையில் பக்கத்து மலை தீப்பிடித்து எரிந்தது. அங்கிருந்த புள்ளிமான்கள் உயிர் தப்பி இந்தக் காட்டுக்கு வந்தன. ஆனால் இங்கே வற்றாமல் இருந்தது ஒரே ஒரு மடு. அதன் கரையில் காட்டெருமைகள் வரிசையாக நின்றன. தெரிந்த பிராணிகள் ஓரமாக வந்து குடித்தால் அவை ஒன்றும் சொல்வதில்லை. மான் கூட்டத்தைக் கண்டால் மட்டும் கொம்பை ஆட்டி விரட்டியடித்தன. புள்ளிமான் குட்டிகள் நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தன.

அன்று மாலை மரத்தடியில் வெகுநேரம் அமைதி நிலவியது. திடீரென்று சருகுமான் எழுந்தது.

“நான் காட்டெருமைகளிடம் போகவேண்டும் என்று தோன்றுகிறது” என்றது.

உடனே கீரி துள்ளி எழுந்தது. “நீயா? நான் போகிறேன்! அந்தக் காட்டெருமைத் தலைவியின் மூக்கைக் கடித்துவிட்டு வருகிறேன்! காடே என் பெயரைச் சொல்லும்!”

யாரும் சிரிக்கவில்லை. ‘போ’ என்றோ ‘போகாதே’ என்றோ சொல்லவில்லை. யோசனை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பதுதான் அங்கே முறை.

ஆமை கேட்டது: “கீரியே, நீ போய்வந்தது ஒருவருக்குமே தெரியாது என்றால், அப்போதும் போவாயா?”

கீரி துள்ளுவதை நிறுத்திவிட்டு யோசித்தது.

“போகமாட்டேன், ஆமையண்ணா” என்றது மெதுவாக. பிறகு உட்கார்ந்துவிட்டது.

ஆமை சருகுமானிடம் திரும்பியது. “உனக்குப் பயமாக இல்லையா?”

“பயமாகத்தான் இருக்கிறது. பயம் போகட்டும் என்று காத்திருந்தேன். அதுவும் போகவில்லை, போகவேண்டும் என்ற எண்ணமும் என்னை விடவில்லை.”

“அங்கே போய் என்ன சொல்வாய்?” என்று மைனா கேட்டது.

“நீங்கள் எல்லோரும் ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வேன்!”

“அவர்கள் ஏன் விரட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?” என்று மைனா மறுபடி கேட்டது.

சருகுமான் திகைத்தது. “தெரியாது” என்றது. பிறகு அது தலை நிமிர்ந்தது. “நான் திட்டுவதற்குப் போகவேண்டியதில்லை. கேட்பதற்குத்தான் போகவேண்டும். இப்போதுதான் புரிகிறது!”

“எங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது” என்றது ஆமை. “அப்படியானால் இது இனி உன் ஒருத்தியின் வேலை இல்லை. நாங்கள் என்ன செய்யவேண்டும், சொல்.”

“என் குட்டியை யார் பார்த்துக்கொள்வது?”

“நான்!” என்றது கீரி. “பாம்பு ஒன்றும் கிட்டே வராது!” இந்த முறை அது யாருடைய முகத்தையும் பார்க்காமல் நேரே குட்டியிடம் போய்ப் படுத்துக்கொண்டது. மைனாவோ காட்டெருமைகளின் முதுகில் உண்ணி பொறுக்கிப் பழகியது. அது கூடவே போவதாகச் சொன்னது.

விடிந்ததும் இருவரும் மடுவுக்குப் போனார்கள். சருகுமான் வாயைத் திறப்பதற்குள் ஓர் இளங்காளை சீறிக்கொண்டு காலைத் தரையில் அறைந்தது. அவ்வளவுதான்! சருகுமான் ஒரே ஓட்டமாகப் புங்கமரத்தடிக்கு வந்து விழுந்தது.

“என்னால் முடியவில்லை. உங்களுக்கெல்லாம் அவமானம் தேடித் தந்துவிட்டேன்” என்று அழுதது.

யாரும் குறை சொல்லவில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அதன் மூச்சு சீரானதும் ஆமை கேட்டது: “போகவேண்டும் என்ற எண்ணம் இப்போது போய்விட்டதா?”

சருகுமான் கண்ணை மூடிப் பார்த்தது. “இல்லை. அப்படியேதான் இருக்கிறது.”

“சரி, நாங்களும் வருகிறோம்” என்றது ஆமை. “பேசமாட்டோம். உனக்குப் பின்னால் நிற்போம்.”

கீரியைக் குட்டியிடம் விட்டுவிட்டு மற்ற எல்லோரும் ஆமையின் நடைக்கு நடந்து வெயில் தாழும் நேரத்தில் மடுவை அடைந்தார்கள். இளங்காளை மறுபடி சீறியது. சருகுமான் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அது ஓரடி முன்னால் வைத்தது.

“அம்மா, சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். மான்களை ஏன் விரட்டுகிறீர்கள்?”

காட்டெருமைத் தலைவி கொம்பைத் தாழ்த்தியது.

“போன கோடையில் ஒரு கூட்டம் முண்டியடித்து இறங்கியது” என்றது. “கரை இடிந்தது. என் கன்று சேற்றுக்குள் போய்விட்டது. நான் கத்திக்கொண்டே நின்றேன். கூட்டத்தைக் கண்டாலே எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.”

சருகுமானின் கண் நிறைந்தது. “எனக்கும் ஒரு குட்டி இருக்கிறது, அம்மா” என்றது. தலைவியின் காலருகே போய் நின்றுகொண்டது.

தலைவி பெருமூச்சு விட்டது. பிறகு தானே சொன்னது: “வடக்குப் பக்கம் பாறைக் கரை. அங்கே இடியாது. முள்புதர்தான் வழியை அடைத்திருக்கிறது.”

“முள்புதரை நாங்கள் எப்படி உடைப்பது?” என்றது மைனா.

“நீங்கள் எதற்கு? நான் உடைக்கிறேன்!”

தலைவி தலையைக் கவிழ்த்துப் புதருக்குள் புகுந்தது. இளங்காளைகள் சில முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றன. சில பின்னாலேயே வந்தன. பொழுது சாய்வதற்குள் பாறைக்கு வழி பிறந்தது. புள்ளிமான்கள் சிறு சிறு கூட்டமாக இறங்கித் தண்ணீர் குடித்தன. சுருண்டு கிடந்த குட்டிகள் எழுந்து நின்றன. ஒன்று உடனே துள்ளவும் செய்தது!

நீதி: நல்லது செய்யத் தோன்றும் எண்ணத்தைப் பலரோடு இருந்து தெளிந்துகொள்ள வேண்டும், தெளிந்த பின் அதைச் செய்பவருக்குத் துணை நிற்பதும் நற்செயலே.