தேனடுக்கம் போக மூன்று ஜோடி பூட்ஸ்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது வேலாத்தாள் அக்கா. என் சின்னவன் பால் மறந்த வருஷம், பழனிக்குப் பாதயாத்திரை போகும் வழியில், ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து கால் கொப்புளத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னாள். முருகன் புண்ணியத்தில் அந்தக் கொப்புளமும் ஆறியது, என் பிள்ளைகளும் வளர்ந்து ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். கதை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

கேணிப்பாளையம் என்று ஓர் ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் சமவெளி. அந்த ஊர்க்காரர்கள் ஏறிய பெரிய உயரம் என்றால் வைக்கோல்போர்தான். அங்கே வெள்ளையப்பன் என்று ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷர். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். அவர் சம்சாரத்தின் தம்பிகள் ராக்கியப்பனும் பொங்கியண்ணனும் அதே வார்ப்பு.

வெள்ளையப்பனுக்கு ஒரே மகள், மயிலாத்தா. ஏழு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பெண்ணை எல்லோருக்கும் பிடித்தது. அப்பாவிடம் அரைமணி நேரம் பேசியதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். எட்டாவதாக வந்தவர் மலைமேல் தேனடுக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சடையாண்டி, தன் மகன் நாச்சிமுத்துவோடு. அன்றைக்கென்று வெள்ளையப்பனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. ஆகவே எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்தது. மயிலாத்தாளும் அந்தப் பையனையே நினைத்துக்கொண்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட ஆரம்பித்தாள்.

போகும்போது சடையாண்டி கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். நிச்சய வெற்றிலை மாற்றுவது மாப்பிள்ளை வீட்டில்தான், அது அவர்கள் வழக்கம். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, காலை பத்தரைக்குள். வராவிட்டால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துவிடுவார்கள். பாதை கல்லும் முள்ளும். நல்ல பூட்ஸ் இல்லாமல் ஏற முடியாது, பார்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மறுநாளே வெள்ளையப்பனும் மச்சினன்மார் இருவரும் டவுன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பொறுமைசாலி. காலையில் வாங்கினால் அளவு தப்பிப்போகும், சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது வாங்குவதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பினார். மூன்று பேரும் கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் வீங்கவில்லை.

வீங்காத காலோடு போய் நின்றால் கடைக்காரர் சொல்லைத் தட்டினது போல ஆகும் என்று வெள்ளையப்பனுக்குக் கவலை. அந்த மரத்தடியிலேயே ஒரு கட்டெறும்புப் புற்று இருந்தது. மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று நூறுவரை எண்ணினார்கள். அப்புறம் கால் வீங்கியது. பூசணிக்காய்போல வீங்கியது. அதற்குத் தக்கபடி பெரிய பூட்ஸாகவே கிடைத்தது.

தண்ணீர் புகாத பூட்ஸா என்று கேட்டார்கள். ஒரு சொட்டு புகாது என்றார் கடைக்காரர். பொங்கியண்ணன் கடைக் குடத்தைச் சாய்த்துப் பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றி, தூக்கிப் பிடித்து, அடியில் விரலால் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மூன்று பேருக்கும் பரம திருப்தி. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து இவர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கிளம்பும்போது கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். புது பூட்ஸ் கடிக்கும், அதனால் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்க வேண்டும். பத்திரமாக வைத்துக்கொண்டால் பத்து வருஷம் உழைக்கும்.

பத்து நாளும் மூன்று பேரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எறும்புக்கடி வீக்கம் வற்றியதும் பூட்ஸ் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆள் திரும்பினால் பூட்ஸ் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றது. மாட்டுக்குத் தண்ணி காட்டியது, வாய்க்கால் மடை திறந்தது எல்லாம் மயிலாத்தாளும் அவள் அம்மாவும்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அந்த ஊரில் எந்தப் புதுப் பொருளும் பிள்ளையாரைப் பார்க்காமல் வேலைக்குப் போகாது. சைக்கிள் ஆனாலும் சரி, பம்புசெட் ஆனாலும் சரி. பூட்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்துத் தீபாராதனை காட்டினார்கள். எல்லாம் முடிந்து பூட்ஸில் காலை நுழைக்கப் போன வெள்ளையப்பனின் கையை ராக்கியப்பன் பிடித்துக்கொண்டான்.

“மாமா, குங்குமம் வெச்ச பொருள்ல காலை வெக்கறதா?”

வெள்ளையப்பனுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. “நல்லவேளை மாப்ள, காப்பாத்துன.”

“அப்ப பூட்ஸை இங்கயே விட்டுட்டுப் போலாமா?” என்றான் பொங்கியண்ணன்.

“அதெப்படி? பூட்ஸ் இல்லாம ஏற முடியாதுன்னு சம்பந்தி சொல்லியிருக்காரு.”

“தலையில வெச்சுக்கலாம் மாமா. பத்திரமா வெச்சுக்கச் சொன்னாரு கடைக்காரரு. தலையை விடப் பத்திரமான இடம் எது?” என்றான் ராக்கியப்பன்.

மறுக்க முடியாத பேச்சு. வாசல்வரை வந்த மயிலாத்தா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, அங்க போய் எதையும் யோசிக்காதீங்க. வெத்தலையை மட்டும் மாத்திட்டு வாங்க. எனக்காக.” அவள் கண் கலங்கியிருந்ததை வெள்ளையப்பன் பார்த்தார். யோசிக்கக் கூடாது என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.

ஆளுக்கொரு தாம்பாளம், அதில் மாலை போட்ட ஒரு ஜோடி பூட்ஸ், வெள்ளையப்பன் இடுப்பில் வெற்றிலைப் பை. வெறுங்காலோடு மலை ஏறினார்கள். முதல் வளைவிலேயே கல் குத்தியது. இரண்டாவதில் முள். தேன் எடுத்துக்கொண்டு இறங்கி வந்த ஒருவர் இவர்களைப் பார்த்து ஒதுங்கி நின்று, என்னங்க சாமி இது என்று கேட்டார். பூட்ஸ் இல்லாமல் இந்த மலையில் ஏற முடியாதாமே என்று வெள்ளையப்பன் விளக்கினார். அவர் இவர்களின் காலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், ஆமாங்க என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிவிட்டார்.

வெயில் ஏற ஏற வெள்ளையப்பன் நடையை எட்டிப் போட்டார். காலில் ரத்தம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மகள் கலங்கி நின்ற முகம்தான் முன்னே முன்னே போயிற்று. மூச்சு வாங்க அவர்கள் சடையாண்டி வீட்டு வாசலை மிதித்தபோது மணி பத்து இருபத்தெட்டு.

கூடியிருந்த சனம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

“ஏனுங்க சம்பந்தி, பூட்ஸ் வாங்கலீங்களா?” என்றார் சடையாண்டி.

“வாங்கிட்டமுங்க. தலைமேல இருக்குதுங்க.”

மாப்பிள்ளையின் அத்தை மெதுவாகத் தன் அண்ணன் காதோரம் குனிந்து, இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மலைக் காற்றில் எல்லோருக்கும் கேட்டது. வெள்ளையப்பனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மகள் சொன்னது ஞாபகம் வந்தது. எதையும் யோசிக்காமல் வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

நீட்டியபடி நின்ற அந்தக் கையைச் சடையாண்டி பார்த்தார். வாசலிலிருந்து முற்றம்வரை பதிந்திருந்த சிவப்புக் காலடிகளைப் பார்த்தார். பெண் கொடுக்க இஷ்டமில்லாதவன் இப்படி வரமாட்டான் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். வெள்ளையப்பன் அப்போதுதான் அழுதார்.

கால்களைக் கழுவிப் பச்சிலை கட்டிய அத்தை, புண் ஆறும்வரை காலைத் தரையில் வைக்கவே கூடாது என்றாள். அதன்பிறகு மூன்று பேரும் காலைத் தரையில் வைக்கவே இல்லை. சடையாண்டி வீட்டார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் அவன் பங்காளிகள் இருவரும் ஆளுக்கொருவராக முதுகில் சுமந்துகொண்டு மலையிறங்கினார்கள். மாப்பிள்ளை முதுகில் வெள்ளையப்பன், வெள்ளையப்பன் தலையில் பூட்ஸ்.

கேணிப்பாளையமே திரண்டு வந்து வரவேற்றது. நல்ல சேதியைக் கேட்டு மயிலாத்தா உள்ளே ஓடிவிட்டாள். ஊர்க்காரர்கள் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடி கொஞ்சமும் தேயவில்லை, ஒரு கீறல் இல்லை. என்ன உழைப்பு என்று அசந்துபோனார்கள். போட்டுக்கொண்டு போக வசதியாக இருந்ததா என்று ஒருவர் கேட்டார். வெள்ளையப்பன் மாப்பிள்ளை முதுகில் இருந்தபடியே நிதானமாகப் பதில் சொன்னார்.

“ஏறும்போது கழுத்து கொஞ்சம் வலிக்குமுங்க. ஆனா இறங்கும்போது பாருங்க, கால் தரையில பட்ட மாதிரியே தெரியாது.”

அந்த வாரமே ஊரில் இன்னும் முப்பது பேர் வாங்கினார்கள்.

அவ்வளவுதான் கண்ணு கதை. நீ போகும்போது வாசலில் வெயிலில் கிடக்கிற என் செருப்பைக் கொஞ்சம் நிழலில் தள்ளிவிட்டுப் போ.