வெந்நீரை அடைத்த பேத்தை மீன்

ஒரு வளைகுடாவில் பேத்தை மீன் ஒன்று இருந்தது. கோபம் வந்தாலும் பந்துபோல் ஊதும், பயம் வந்தாலும் ஊதும். மற்ற நேரமெல்லாம் பெருமை பேசும்.

அந்த வளைகுடாவுக்கு ஒரே வாசல், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதன் மேலாக வெதுவெதுப்பான நீர் வெளியே ஓடும். அடியில் குளிர்ந்த நீர் உள்ளே வரும். அதோடு இரையும் வரும்.

ஒரு நாள் ஊர் சுற்றும் ஆமை வந்து சொன்னது: "உங்க தண்ணி வடக்கே ரொம்ப தூரம் போகுது. அங்கே கடல்நாய்களோட கரையில பனி உருகுறதே இந்தச் சூட்டுலதான்!"

பேத்தைக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வெந்நீர்ல எவனோ குளிர் காயுறானா? இனிமே ஒரு சொட்டு போகாது!"

நேரே போய் இடுக்கில் நின்று, தண்ணீரை விழுங்கி ஊதியது. வாசல் கச்சிதமாக அடைபட்டது. மீன்களெல்லாம் வாலைத் தட்டிப் பாராட்டின. அறிவு இருந்தால்தானே!

நான்கே நாளில் வளைகுடா சுட்டது. குளிர்நீர் வரவில்லை, இரையும் வரவில்லை. வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்திருந்த நண்டு பதறி ஓடி வந்தது.

"அண்ணே, வழி விடுங்க! என் முட்டையெல்லாம் அவிஞ்சிடும்!"

"பொறும்மா! கடல்நாய்ங்க வந்து என் கால்ல விழட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"உங்களுக்கு ஏது கால்?" என்றது நண்டு.

மறுநாள் கடல்நாய்கள் வந்தே விட்டன. மொத்தம் நாற்பது! மூத்தது மரியாதையாகப் பேசியது: "ஐயா, எங்க ஊரே உறைஞ்சு போச்சு. குடும்பத்தோட இங்கேயே தங்கிடலாம்னு வந்துட்டோம். ஆமா, இங்கே மீன் நல்லாக் கிடைக்குமா?"

பேத்தைக்குப் பாதி உயிர் போய்விட்டது. பயத்தில் இன்னும் ஊதியது. ஊத ஊதப் பாறைக்குள் இறுகியது. இப்போது விலக நினைத்தாலும் முடியவில்லை.

"நண்டம்மா, ஏதாவது பண்ணேன்!"

நண்டு பண்ணியது. வாலில் கொடுக்கால் ஒரே கிள்ளு! பேத்தை புஸ்ஸென்று சுருங்கியது. தேங்கிக் கிடந்த வெந்நீர் அதையும் வாரிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அடியில் குளிர்நீர் வந்தது. நண்டு தன் முட்டைகளை அதில் அலசிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டது. கடல்நாய்கள் சூட்டைக் கண்டதும் சந்தோஷமாக ஊருக்குத் திரும்பின, பேத்தைக்குப் பின்னாலேயே.

பேத்தை இப்போது வடக்கே ஒரு பாறைப் பொந்தில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. போகிற வருகிற மீன்களிடமெல்லாம், "இன்னிக்குச் சூடு கம்மியா இருக்கே! எங்க ஊர்ல எந்த மடையனாவது வாசலை அடைச்சிட்டானா?" என்று விசாரிக்கிறது.

பிறருக்குப் போவதைத் தடுப்பவன் தனக்கு வருவதையும் சேர்த்தே தடுத்துக்கொள்கிறான்.