கம்பு கண்ணயர்ந்த பகல்

அந்தக் காலத்தில் தானியங்கள் பேசும். கதிரில் இருக்கும்போதும் பேசும், பானைக்குள் விழுந்த பிறகும் பேசும். உலையில் போட்டால் ஒரே கொதியில் வெந்துவிடும். கம்பும் அப்படித்தான் இருந்தது.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் காட்டில் சடைச்சி என்றொருத்தி கம்பு விதைத்திருந்தாள். அவள் புருஷன் முத்தாண்டி காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவில்லை. அவனையும் காட்டையும் அவள் ஒருத்தியே பார்த்தாள். தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து வந்து பயிருக்கு ஊற்றினாள். குருவி விரட்டினாள். வீட்டுக்கு வந்தால் அவன் முனகல் அவளைப் படுக்க விடாது.

கம்புக்கும் ஓய்வில்லை. பகலெல்லாம் குருவி, பொழுது சாய்ந்தால் எலி, எந்நேரமும் அனல்காற்று. ஒவ்வொரு மணியும் உடம்பை இறுக்கிக்கொண்டு விழித்தே நின்றது.

அறுவடை முடிந்து, அடித்துப் புடைத்த கம்பைச் சடைச்சி காலையில் உலையில் போட்டாள். தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றியது. மணிகள் போட்டபடியே கிடந்தன. விறகிலும் நாலைந்து குச்சிதான் மிச்சம்.

"கஞ்சி ஆச்சா?" என்று உள்ளேயிருந்து முத்தாண்டி கேட்டான். குரலே எழும்பவில்லை.

சடைச்சி பானையை இறக்கி வைத்துவிட்டுக் கம்பிடம் கேட்டாள்.

"ஏன் வேக மாட்டேங்கிற?"

"வேகக் கூடாதுன்னு இல்ல தாயி. முளைவிட்ட நாள்லேருந்து கண்ண மூடல. உடம்ப இறுக்கியே பழகிட்டேன். இப்ப விடுன்னா விட வரல."

"நான் மட்டும் தூங்கினேனா?"

"இல்ல. நீ தூங்காததையும் பாத்துட்டுத்தான் நின்னேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. உரலில் கொட்டி இடித்துவிடலாம் என்று உலக்கையைத் தூக்கினாள். தோள் வரைகூட அது வரவில்லை. அப்படியே சுவரில் சாய்த்துவிட்டாள்.

"இடிச்சாலும் சரிதான்," என்றது கம்பு. "அடுப்புக்குத்தான் போறேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால கொஞ்சம் படுத்துக்கிறேன்."

வீட்டில் ஒரு குடம் தண்ணீர்தான் இருந்தது, முத்தாண்டி குடிப்பதற்கென்று வைத்தது. அதில் ஒரு செம்பு அவனுக்கு எடுத்து வைத்தாள். மீதியை அப்படியே கம்பின் மேல் ஊற்றினாள்.

"படுத்துக்க. நானும் படுக்கிறேன்."

பானையை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே வெறுந்தரையில் சாய்ந்தாள். உச்சிவெயில் வாசலுக்கு வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பானையைத் திறந்தாள். தண்ணீரைக் குடித்துக் கம்பு உப்பியிருந்தது. ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நசுங்கியது.

"முழிச்சிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டு அதை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு சத்தமில்லாமல் பானையை அடுப்பில் ஏற்றினாள். இருந்த குச்சிகளே போதுமாயிருந்தன.

முத்தாண்டி தலையைத் தூக்கிக் கஞ்சியைக் குடித்தான். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றான்.

"காலையில வேகாதது இப்ப எப்படி வெந்துச்சு? என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. ரெண்டு பேரும் செத்த நேரம் படுத்திருந்தோம்."

அன்று முதல்தான் முழுத் தானியத்தை நேரே அடுப்பில் ஏற்றாமல், தண்ணீர் ஊற்றி மூடி, அதன் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். அன்று முதல்தான் எந்தத் தானியமும் மனிதரிடம் வாய் திறப்பதில்லை.