கரடிக்கு வைத்த வாசனை

சடையாண்டிக்குத் தன் கேள்விக்குப் பதில் உடனே வேண்டும். பொறுமையெல்லாம் அவனுக்குக் கரடி வேட்டையில்தான், மனிதர்களிடம் கிடையாது.

"நான் துரத்தறதில்லை தாயே. கண்ணி வைக்கிறதில்லை. வாசனை வைக்கிறேன், அவ்வளவுதான். கரடி தன் காலால நடந்து வருது. பாவம் எனக்கா, அதுக்கா?"

தவமணி அம்மை முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். வயதில் அவனுக்கு மகள் மாதிரி. ஆனாலும் அந்த மலையடிவாரத்தில் அவளைத்தான் அவன் குருவாக வரித்திருந்தான். "பாவமில்லை" என்று அவள் வாயால் ஒரு சொல் வந்தால் போதும். போன மாதம் சுட்ட பெண் கரடி கனவில் வருவது நின்றுவிடும்.

"என்ன வாசனை?"

கேட்டதுதான் தாமதம், முகம் மலர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் மலராது?

"தேனடையையும் இலுப்பைப் பூவையும் தணல்ல போடணும். எரியக் கூடாது, பொசுங்கணும். புகை காட்டுப் பக்கம் போகணும். அப்புறம் பாருங்க, கண்ணு மண்ணு தெரியாம வரும்."

"சரி. பூவாயி ரசம் எப்படி வைப்பா?"

பூவாயி அவன் பெண்டாட்டி. செத்து மூன்று வருஷமாயிற்று. உயிரோடு இருந்தவரை உப்பு அதிகம், புளிப்புக் குறைச்சல் என்று கிண்ணத்தைத் தள்ளியவன், இப்போது அந்த ரசத்தை நினைத்தே புலம்புகிறான். அதென்னமோ, இந்த ஆண்பிள்ளைகளுக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் நாக்கு விழிக்கும்.

"கொள்ளு ரசம் தாயே. எல்லாரும் பூண்டை வதக்குவாங்க. அவ தோலோட தணல்ல சுட்டுத் தட்டிப் போடுவா. வேற எந்த வீட்லயும் அந்த வாசம் வராது."

"துப்பாக்கியை இங்க வச்சிட்டு ஓடையில குளிச்சிட்டு வா. பதில் சொல்றேன்."

குளித்துவிட்டு மேடேறும்போது காற்றில் அது வந்தது. சுட்ட பூண்டு. கொதிக்கிற கொள்ளு.

நின்றான். மூன்று வருஷமாக அடுப்பெரியாத அவன் வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

ஓடினான். முள் கிழித்தது. கல் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினான். "பூவாயி! ஏ பூவாயி!" கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

நெஞ்சில் இரும்பு இடித்தது.

அவனுடைய துப்பாக்கி. மறுமுனையில் அம்மை. விசையில் விரல். அந்த முகத்தை அவன் அதற்குமுன் பார்த்ததே இல்லை.



"தா... தாயே! என்ன இது?"

"உன்னை யாராவது துரத்தினாங்களா?"

"இல்ல..."

"செத்தவ எப்படி அடுப்பு மூட்டுவா? யோசிக்க வேண்டாமா?"

"எனக்குத் தெரியும் தாயே. மூக்குக்குத் தெரியலையே..." சொல்லும்போதே உடைந்துவிட்டான்.

துப்பாக்கி தாழ்ந்தது. அம்மை ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது. அவன் தொடவில்லை.

ரசம் ஆறி ஆடை கட்டிய பிறகு, அழுத கண்ணோடும் விடாமல் கேட்டான்: "கரடிக்கு இந்த ஏக்கமெல்லாம் ஏது தாயே? அது வெறும் தேனுக்குத்தானே வருது?"

"நீ ரசத்துக்கா வந்தே?" என்றாள் அம்மை.