பத்துப் பிள்ளைக்கு ஒன்று

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது, எங்கள் கோவிலில் பீடத்துப் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றும் எஸ்தர் மதினி. போன வருஷம் லெந்து காலத்தில், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். சிரிக்கக் கூடாத நேரம்தான். கர்த்தர் மன்னிப்பார் என்று சிரித்துவிட்டேன்.

ஊசிக்குளம் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் புதிதாகக் கிடைத்திருந்தது. கணக்கு வாத்தியார் ஞானசிகாமணி சார் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோரு பிள்ளைகளைச் சேர்த்தார். அதில் ஏழு பெண்பிள்ளைகள். இந்த வகுப்பு இல்லையென்றால் டவுனுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். "அவ்வளவு தூரமெல்லாம் அனுப்ப மாட்டோம் சார், படிச்சது போதும்" என்று ஏழு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த வகுப்பை சார் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார்.

நல்ல மனுஷர். மேலே இருந்து வரும் வார்த்தையைத் தட்ட மாட்டார். அதற்கு மேல் யோசிக்கவும் மாட்டார்.

ஒருநாள் டவுன் கல்வி ஆபீஸில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. "லாக் கணக்கை வெறும் அட்டவணையாக நடத்த வேண்டாம். ஒலி, புளிப்பு, நிலநடுக்கம் இவற்றையெல்லாம் அறிவியல் லாக்கில்தான் அளக்கிறது. அதைக் காட்டி நடத்தவும். பள்ளியின் அன்றாட வாழ்க்கை முழுவதும் லாக்கில் நடக்க வேண்டும்."

லாக் என்றால் பயப்பட வேண்டாம். எனக்கே மதினி சொல்லித்தான் புரிந்தது. நூறு என்றால் இரண்டு பத்தை ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிறது, அதனால் நூற்றுக்கு லாக் இரண்டு. ஆயிரத்துக்கு மூன்று. பெரிய எண்ணைச் சின்னதாக மடித்து வைக்கிற வித்தை, அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் அருணகிரி உடனே கூட்டம் போட்டார்.

"நிலநடுக்கத்துக்கு எங்கே சார் போறது?" என்று கேட்டார் அறிவியல் நடத்தும் ரோஸ்லின் டீச்சர்.

"நம்ம ஊர்ல கிடைக்காது. டவுன்லதான் விசாரிக்கணும்," என்றார் அருணகிரி.

"அதுக்கு ஏன் டவுன்? நான் எதுக்கு இருக்கேன்?" என்று பி.டி. வாத்தியார் சுடலைமுத்து எழுந்து மூன்று தடவை குதித்தார். சுவரில் இருந்த காலண்டர் விழுந்தது.

"நிலநடுக்கம் வந்துட்டு," என்று ஞானசிகாமணி சார் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்தது புளிப்பு. எலுமிச்சைச் சாறு இரண்டாம் நம்பர், சுத்தத் தண்ணீர் ஏழாம் நம்பர், ஒரு நம்பர் ஏறப் பத்து மடங்கு தண்ணீர் விட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டில் இருந்து ஏழுக்குப் போக லட்சம் டம்ளர் ஆகும் என்று சார் கணக்குப் போட்டார். ஒரு டம்ளர் சாற்றைக் கொண்டுபோய் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, பிள்ளைகளைக் கீழே குழாயடியில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"டீச்சர், வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கு."

"அப்போ நம்ம சாறு இன்னும் வரலை. குடி."

மூன்று நாள் குடித்தார்கள். சாறு வரவில்லை.

பிறகு அன்றாட வாழ்க்கை ஆரம்பித்தது. நூறு மீட்டர் ஓட்டத்துக்குச் சுடலைமுத்து சார் இரண்டு மீட்டர் அளந்து கோடு போட்டார். ஓடிய எல்லோரும் முதலாவதாக வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். லாக் பார்த்தால் இரண்டு புள்ளி சைபர் ஒன்று. நல்லா இருக்கிற பிள்ளைக்கு எடுத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இரண்டுதான் வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதான்," என்று முடிவு செய்து, காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார் ரோஸ்லின் டீச்சர்.

மறுநாள் சத்துணவு சமைக்கும் பேச்சித்தாய் கரண்டியோடு வந்து நின்றாள்.

"சாப்பிடுற பிள்ளை நூறு. ரெண்டு முட்டை அவிக்கச் சொல்லிச் சீட்டு வந்திருக்கு. இது யாரு எழுதின சீட்டு?"

"நான்தான் பேச்சித்தாய். ரெண்டுன்னா நூறு," என்றார் ஞானசிகாமணி சார்.

"நூறுன்னா நூறுன்னு எழுத வேண்டியதுதானே?"

"நூறுன்னு எழுதினா ஒன்னுக்குப் பின்னால நூறு சைபர். அவ்வளவு முட்டைக்குக் கோழி எங்கே இருக்கு?"

பேச்சித்தாய் ஆகாயத்தைப் பார்த்தாள். "ஆண்டவா, இவங்ககிட்டே பிள்ளையை விட்டிருக்கேனே," என்று சொல்லிவிட்டு, நூறு முட்டையை அவித்தாள். அவள் மகள் செல்வமணியும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி.

அந்த மாதக் கடைசியில்தான் வினை வந்தது. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். ஞானசிகாமணி சார் அட்டவணையைப் புரட்டி, கணக்கு குரூப்புக்கு நேரே 1.04 என்று எழுதினார்.

"அந்தப் புள்ளி சைபர் நாலு யாரு சார்?" என்றார் அருணகிரி.

"பத்துப் பிள்ளைக்கு ஒன்னு. கடைசியா சேர்ந்த செல்வமணிக்குப் புள்ளி சைபர் நாலு."

"நல்லா படிக்கிற பிள்ளையாச்சே. கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா?"

"மனசு இருக்கு சார். கணக்கு விட மாட்டேங்குது."

ஒரு வாரத்தில் பதில் வந்தது. "ஒரே ஒரு மாணவருக்காக வகுப்பு நடத்த இயலாது. இது கிடைத்த மூன்று நாளில் கணக்கு குரூப்பை மூடவும்."

ஞானசிகாமணி சார் கொண்டுவந்த சோற்றைத் திறக்கவில்லை. ஏழு வீட்டு வாசலும் அவர் கண் முன்னால் வந்து நின்றது. விஷயம் தெரிந்து பேச்சித்தாய் ஓடி வந்தாள்.

"சார், பதினோரு பிள்ளை இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போடுங்களேன்!"

"பதினொன்னா?" சார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பதினொன்னுன்னா பத்தாயிரம் கோடிப் பிள்ளைகள். உலகத்திலேயே அவ்வளவு ஜனம் கிடையாது. பொய் எழுதச் சொல்றியா?"

பேச்சித்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது சுடலைமுத்து சார் கேட்டார். "மூணு நாளுன்னு போட்டிருக்காங்களே, எந்த மூணு?"

எல்லோரும் கடிதத்தின் மேல் குனிந்தார்கள். எல்லாவற்றையும் லாக்கில் நடத்தச் சொன்ன ஆபீஸ், தான் மட்டும் சாதாரண எண்ணிலா எழுதும்? ஞானசிகாமணி சார் அட்டவணையைத் திறந்தார். லாக் மூன்று என்றால் ஆயிரம்.

"ஆயிரம் நாள்!" அவர் மேஜையைத் தட்டினார். "அதுக்குள்ளே நம்ம பிள்ளைகள் பிளஸ் டூ எழுதிக் காலேஜுக்கே போயிரும் சார்!"

எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஆபீஸுக்கும், "தாராளமான அவகாசத்துக்கு நன்றி" என்று ஒரு கார்டு போட்டார்.

ஆபீஸுக்கு அந்த நன்றி பிடிக்கவில்லை. பத்தாம் நாள் அடுத்த கடிதம் வந்தது: "இன்னும் ஏன் மூடவில்லை? இரண்டே நாளில் மூடவும்."

"ஆயிரத்தை நூறா குறைச்சுட்டாங்களே," என்று சாருக்கு முகம் வாடியது. நூறு நாளில் பாடம் முடியாது. வேகவேகமாக நடத்தினார். அடுத்த வாரம், "ஒரே நாளில்" என்று வந்தது. பத்து நாள்! சார் சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார். பிள்ளைகள் அழுதுகொண்டே படித்தார்கள்.

பத்தாவது நாள், சிவப்பு மையில் கடைசிக் கடிதம் வந்தது. "இனி அவகாசம் பூஜ்யம் நாள்."

அருணகிரி சார் சாவிக்கொத்தை எடுத்துவிட்டார். பெண்பிள்ளைகள் பையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஞானசிகாமணி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அட்டவணையைத் திறந்தார். விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"லாக் பூஜ்யம்னா ஒன்னு," என்றார். "சார், இன்னும் ஒரு நாள் இருக்கு!"

அந்த ஒரு நாள் வகுப்பு நடந்தது. வகுப்பு நடந்ததைக் கேள்விப்பட்டு, "அவகாசம் பூஜ்யம் நாள்" என்று மறுநாளே ஆபீஸில் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதனால் அன்றைக்கும் வகுப்பு நடந்தது. அதைக் கேட்டு அதற்கு மறுநாளும் கடிதம் வந்தது. இப்போது பிள்ளைகள் பிளஸ் டூவுக்கே வந்துவிட்டார்கள். ஆபீஸில் இதற்கென்றே ஒருவரைப் போட்டு, தினம் ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறார்களாம்.

நடுவில் ஒரே ஒரு நாள் தபால் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவைப் பூட்டி, பதினோரு பிள்ளைகளையும் வாசலில் நிறுத்திவிட்டு, ஞானசிகாமணி சார் ஆபீஸுக்குப் போன் போட்டாராம். "ஐயா, எங்களை மூடச் சொல்லி இன்னைக்கு இன்னும் உத்தரவு வரலையே! பிள்ளைகள் வெயில்ல நிக்குது. எப்படி ஐயா வகுப்பை நடத்துறது?"

உங்களுக்கு அந்தப் பக்கம் தபால் ஆபீஸில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால், ஊசிக்குளத்துத் தபாலை மட்டும் காலையிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது.